இரண்டாவது ஸ்லாட்

மணப்பெண்ணின் முகம் மூக்குவரை ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே பச்சையும் ஊதாவும் பட்டை பட்டையாக ஓடின. தாலி கட்டும் மாப்பிள்ளையின் கைகளைக் காணவில்லை. என் மனைவி அந்தப் படத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அப்படியேதான் இருந்தது. அடுத்த படத்தைத் திறப்பதற்குள் திரை முழுவதும் நீலமாகி, கணினி தானாக அணைந்து தானாகவே எழுந்தது.

"நான்தாங்க எதையோ தப்பா அமுக்கிட்டேன்," என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தேன். உதிரிப்பாகங்களை வாங்கி அந்தக் கணினியைப் பூட்டியவன் நான்.

நாங்கள் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம் லோரி டயர் பட்டறையில் எனக்கு வேலை. அவள் கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் நின்றபடியே வேலை செய்தவள். வேலை முடிந்து வந்ததும் வீங்கிய கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் படுத்துவிடுவாள். சனி ஞாயிறுகளில் பொது மண்டபத்தில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் சேர்ந்தாள். இரவல் வாங்கிய ஒரு பழைய லேப்டாப்பில் பழகினாள். அவள் கைக்கு அந்த வேலை வந்தது. எந்தப் படம் பெரிதாக வர வேண்டும், எது ஓரத்தில் சிறிதாக இருந்தால் போதும் என்று அவள் கண் பார்த்ததுமே சொல்லிவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஓர் அக்கா, ஒரு கல்யாணத்தின் படங்களை அவளிடம் கொடுத்து, ஆல்பத்தை நன்றாகச் செய்துவிட்டால் இனி வேலை வீட்டுக்கே வரும் என்று சொல்லியிருந்தார். அதை நம்பி இவள் தொழிற்சாலையை விட்டுவிட்டாள். சூப்பர்வைசர் நல்ல மனுஷி. "மாசக் கடைசி திங்கக்கிழமைக்குள்ள சொல்லு, உன் எடத்த வேற ஆளுக்குக் குடுக்காம வைக்கிறேன்," என்று சொல்லி வைத்திருந்தார்.

பழைய லேப்டாப் அந்தக் கனமான படங்களைத் தாங்கவில்லை. புதிதாக ஒன்று வேண்டும். கடைக்குப் போய்ப் பேசி வாங்குவது எனக்கு வராத காரியம். சாப்பாட்டுக் கடையில் பாலில்லாத தே ஓ கேட்டு, பால் போட்ட தே தாரிக் வந்தால், அதைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறவன் நான். கணினிக் கடையில் ஒருவன் பத்து கேள்வி கேட்டால் எதை விற்றாலும் தலையாட்டி வாங்கிவிடுவேன். கைப்பேசியில் யாரோடும் பேசாமல் உதிரிப்பாகங்களை வாங்கலாம் என்பது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் பூட்டுவதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் ஒரு ஆணி எந்தத் துளைக்குள் போகும் என்பதற்குப் படிப்பு வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பூட்டி முடித்தேன். ஓடியது. அவள் கை தட்டினாள்.

பூட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்திருந்தேன். எங்கள் பட்டறைக்கு வரும் புது லோரி ஒவ்வொன்றுக்கும் பூஜை உண்டு. ஆயுத பூஜையன்று ஸ்பானர், ஜேக், காற்றுக் குழாய் என்று ஒன்று விடாமல் பொட்டு வைப்போம். அந்தப் பழக்கத்தில் கணினியின் ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனமும் குங்குமமும் சிறு புள்ளியாக வைத்தேன். பெட்டிக்கு, மற்ற எல்லாம் வந்து பொருந்தும் மதர்போர்டுப் பலகையின் ஓரத்துக்கு, ரேம் பட்டைகள் இரண்டுக்கும். ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும் பட்டை. விரல் நீளம்தான் இருக்கும்.

படங்கள் கெட ஆரம்பித்ததும் மனைவியின் அண்ணன் செமினியிலிருந்து வந்தார். அவர் அலுவலகத்தில் கணினியோடு வேலை செய்பவர். வந்து உட்கார்ந்ததும் பெட்டியின் பக்கவாட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா மச்சான் இது, உள்ள கோயிலே கட்டி வச்சிருக்கீங்க? எலுமிச்சம்பழத்த எங்க வச்சீங்க, மௌஸுக்குக் கீழயா?"

"சும்மா இருண்ணே," என்றாள் என் மனைவி. ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நெசமாத்தான் சொல்றேன். சந்தனம் எங்கயாவது பட்டிருக்கும் லா. அதான் கோளாறு."

அவர் விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினார். ஏற்றி முடித்து, காப்பியைக் குடித்து எழுவதற்குள் திரை மறுபடி நீலமானது. "கடையில குடுத்துருங்க மச்சான், இதெல்லாம் நமக்கு எதுக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி என்னைப் பார்க்கவில்லை. தொழிற்சாலைச் சீருடையைத் துவைத்துக் காயப்போட்டாள். அதற்கு அவசியமே இல்லை. நான் அதைப் பார்த்தபடி நின்றேன். இந்தப் பெட்டியைச் சரி செய்யாமல் விடக்கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

நான் பார்க்கும் வீடியோக்களில் ஒருவர், இப்படிப் படங்கள் கெட்டால் முதலில் ரேமைச் சோதிக்கச் சொல்லியிருந்தார். அதற்கென்று இலவசமாக ஒரு சின்ன மென்பொருள் உண்டு. விண்டோஸ் இல்லாமலே ஓடும். ரேமில் எதையாவது எழுதி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று திரும்பப் படித்துப் பார்க்கும். எழுதியதும் படித்ததும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு சிவப்பு வரி போடும். ஆங்கிலம்தான். ஆனால் சிவப்பு என்ன சொல்கிறது என்று யாருக்கும் தெரியும்.

பெட்டியைத் திறந்து, முதலில் மச்சான் சொன்ன சந்தனத்தைப் பார்த்தேன். ஒரு பட்டையின் தங்க நிறப் பற்களில் நிஜமாகவே லேசாக மஞ்சள் படிந்திருந்தது. பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, மெல்லிய துணியால் துடைத்துப் பூட்டினேன். இதோடு தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். சோதனையை ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சிவப்பு வரி. அதன் கீழே இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை சிவப்பால் நிரம்பியது.

எனக்கு அதில் வருத்தம் வரவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாரு. கீபோர்டுல கையே வைக்கல. சும்மா கெடக்கும்போதே தப்பு பண்ணுது. நீ எதையும் தப்பா அமுக்கல."

அவள் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "சரிங்க. யார் தப்பா இருந்தா என்ன, ஆல்பம் ஆகலியே," என்றாள்.

ரேம் பட்டைகள் இரண்டு. மதர்போர்டில் அவற்றைச் செருகும் நீள வாட்டமான ஸ்லாட்டுகள் நான்கு. இரண்டு பட்டை என்றால் இரண்டாவது ஸ்லாட்டிலும் நான்காவது ஸ்லாட்டிலும் போட வேண்டும். இரண்டாவதிலிருந்த பட்டையைக் கழற்றிவிட்டு, நான்காவதிலிருந்ததை மட்டும் வைத்துச் சோதித்தேன். சுத்தமாக முடிந்தது. பிறகு அதைக் கழற்றிவிட்டு, மற்றதை மறுபடி இரண்டாவதில் போட்டேன். சிவப்பு. ஆக, அந்தப் பட்டைதான் கெட்டுப்போனது. விஷயம் இவ்வளவு எளிதாக முடிந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.

நல்ல பட்டை ஒன்றை மட்டும் வைத்து வேலை செய்து பார்க்கச் சொன்னேன். ஆல்பம் திறந்தது. ஆனால் பெரிய படங்களை வைத்ததும் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஒரு பக்கம் திருப்புவதற்குள் அவள் எழுந்துபோய் அரிசி களைந்துவிட்டு வந்தாள்.

பட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் கைப்பேசி வழியாக அதை விற்ற கடைக்கு நேரில் போய்ப் பேச வேண்டும்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு சொல்லிவிட்டு கொமுட்டர் ரயிலில் ஏறினேன். பட்டை சட்டைப் பையில், வந்த உறையிலேயே இருந்தது. கடைக்காரரிடம் மலாயில் சொல்ல வேண்டியதை ரயிலில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கோலாலம்பூர் நடுவில் கணினிக் கடைகளே நிறைந்த கட்டடம் அது. உள்ளே நுழைந்ததும் நாலா பக்கமும் "பாஸ்! பாஸ்! லேப்டாப் பாஸ்?" என்று கூப்பிட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே மேல்மாடிக்குப் போனேன்.

கடைக்காரர் என் வயதுச் சீனர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நான் பாடமாக்கி வந்த வரி அவரைப் பார்த்ததும் மறந்துவிட்டது. பட்டையை நீட்டி, "ரோசாக்," என்று மட்டும் சொன்னேன். கெட்டுவிட்டது.

அவர் உறையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். குங்குமப் புள்ளி ஸ்டிக்கர் முழுவதும் பரவிச் சிவந்திருந்தது.

"இனி ஆப்பா? டாரா கா?" இது என்ன, ரத்தமா என்று கேட்டார்.

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. "புக்கான். செம்பாயாங்," என்றேன். இல்லை, சாமி கும்பிட்டது.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். மேசைக்குக் கீழே விரலைக் காட்டினார். அங்கே சிவப்புச் சாமி மாடம், ஊதுபத்தி, மூன்று ஆரஞ்சுப் பழங்கள். புதுக் கார் வாங்கியபோது அவர் மனைவி அதற்குள் ஊதுபத்தியைக் காட்டி இருக்கை உறையில் ஓட்டை போட்டுவிட்டாராம். சாமி கும்பிட்டதற்காக மாற்றித் தராமல் இருக்கமாட்டாராம், ஆனால் அவருக்குச் சரக்கு அனுப்புகிறவன் கறை பட்டதை எடுக்கமாட்டானாம். முதலில் சோதித்துப் பார்ப்போம் என்றார்.

தன் கணினியில் பட்டையைச் செருகி, நான் வீட்டில் ஓட்டிய அதே சோதனையை ஓட்டினார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி தந்தார். மற்ற வாடிக்கையாளர்களைப் பார்த்தார். மீ நூடுல்ஸ் சாப்பிட்டார். எனக்கும் வேண்டுமா என்று கேட்டார். பசித்தது, ஆனாலும் வேண்டாம் என்றேன். நான் சிவப்பு வரியை எதிர்பார்த்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை. கடைசியில், எல்லாம் சரி என்று பச்சை எழுத்தில் ஒரு வார்த்தைதான் வந்தது.

"ராம் பாகுஸ்," என்றார். ரேம் நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் எப்படிச் சோதித்தேன் என்று விசாரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: நல்ல பட்டையை, சிவப்பு வந்த ஸ்லாட்டில் மாற்றிப் போட்டுப் பார்த்தாயா?

நான் பார்க்கவில்லை.

இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. லோரி இடது பக்கம் இழுக்கிறது என்று ஓட்டுநர் வந்து நின்றால் நாங்கள் முதலில் என்ன செய்வோம்? முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஒரு சுற்று ஓட்டச் சொல்வோம். இழுப்பு வலது பக்கம் போனால் டயர். போகாமல் இடதிலேயே நின்றால் அச்சு. புது டயர் விற்பதற்கு முன்னால் இதைச் செய்யாவிட்டால் முதலாளி கத்துவார். தினமும் கையால் செய்கிற அந்த வேலையை இந்தப் பெட்டியில் செய்ய எனக்குத் தோன்றவே இல்லை. கணினி என்றதும் அது ஏதோ படித்தவர்களின் சாமான், அங்கே வேறு விதி என்று நினைத்துவிட்டேன்.

வீட்டில் மாற்றிப் போட்டுப் பார், அப்போதும் சிவப்பு வந்தால் மதர்போர்டைக் கழற்றிக் கொண்டு வா, நான் பார்க்கிறேன் என்றார். "போலே?" என்று கேட்டார். "போலே லா," என்றேன். முடியும்.

வீடு திரும்ப சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் ரயிலைப் பிடிக்க வேண்டும். வெளியே வந்து நடந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ். ஸ்டுடியோ அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று காலையிலிருந்தே எனக்குள் ஒரு எண்ணம். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். ஸ்டுடியோவுக்கு எதிரே பூக்கடை. அங்கே ஒரு முழம் மல்லிகை வாங்கினேன். வாங்க வேண்டியதில்லை. நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பிறகு சாலையைக் கடந்தேன்.

அக்கா யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டே என்னை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வராது.

ஃபோனை வைத்ததும் சொன்னேன். "அக்கா, படம் கெட்டுப்போச்சுன்னு என் வீட்டுக்காரி ஃபோன்ல சொல்லியிருப்பா. அதுக்கு அவ காரணமில்ல. மெஷின் நான் பூட்டினது. தப்பு அதுலதான். அத நான் கண்டுபுடிச்சிருவேன். படங்கள இன்னொரு தடவ குடுத்தீங்கன்னா..."

அக்கா சிரித்தார். "அண்ணே, இத்தன தடவ அவங்கள மோட்டார் சைக்கிள்ல கொண்டாந்து விட்டிருக்கீங்க, உங்க கொரல இன்னைக்குத்தான் கேக்கிறேன்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நான் உள்ளதச் சொல்லிடுறேன். பொண்ணு வீட்ல காலையும் சாயங்காலமும் மெசேஜ் போடுறாங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். அதுக்கு மேல முடியாது, வேற ஆளுக்குக் குடுத்திருவேன். கோவிச்சுக்காதீங்க."

"வெள்ளிக்கிழம வந்துரும்."

இதை எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது. படங்கள் அடங்கிய ஹார்ட் டிஸ்க்கை வாங்கி, பட்டை இருந்த பையிலேயே போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் பெட்டியைத் திறந்தேன். நல்ல பட்டையை எடுத்து இரண்டாவது ஸ்லாட்டில் செருகினேன். சிவப்பு. கெட்டது என்று நான் பழி சுமத்திய பட்டையை நான்காவதில் செருகினேன். சுத்தம். இழுப்பு பக்கம் மாறவில்லை. அச்சில்தான் கோளாறு.

மறுநாளும் விடுப்பு. முதலாளி திட்டினார், வாங்கிக்கொண்டேன். காலையில் மதர்போர்டைக் கழற்ற ஆரம்பித்தேன். கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, போர்டை அப்படியே தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கழற்றிய எந்தப் பொருளையும் ஓரத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது என் வழக்கம். ரிம் நெளிந்திருந்தால் அப்படிப் பார்த்தால்தான் தெரியும்.

போர்டு நேராக இல்லை. நடுவில் மெல்ல வளைந்திருந்தது.

நடுவில்தான் ப்ராசசர் இருக்கிறது, கணினியின் மூளை. அதன் மேல் சூட்டைத் தணிக்கும் காற்றாடி. காற்றாடியை நான்கு திருகாணிகள் போர்டோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கின்றன. வீடியோவில் அந்த இளைஞர், திருகு நிற்கும்வரை திருப்பினால் போதும் என்றார். நானும் நிற்கும்வரை திருப்பினேன். அப்புறம் ஒவ்வொன்றிலும் இன்னொரு சுற்று கொடுத்தேன். பாரம் ஏற்றிப்போகும் லோரியின் சக்கர நட்டை யாராவது லேசாக முடுக்கிவிட்டு வருவார்களா? முடுக்கிய பிறகு இன்னும் ஒரு தடவை உடம்பைச் சாய்த்து அழுத்தினால்தான் எனக்கு மனம் ஆறும். அந்தக் கைதான் இங்கேயும் வேலை செய்திருக்கிறது. போர்டு வளைந்ததில் ப்ராசசரின் அடியிலிருக்கும் நுண்ணிய ஊசிகளில் ஏதோ சில சரியாகத் தொடவில்லை. அந்த ஊசிகள் வழியாகத்தான் இரண்டாவது ஸ்லாட்டோடு அது பேச வேண்டும்.

இதை யாரும் எனக்கு உறுதியாகச் சொல்லவில்லை. வளைவைப் பார்த்ததும் எனக்கே தோன்றியது. போர்டைக் கடைக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு மனம் சொன்னது. அதற்கு முன் நான்கு திருகாணிகளையும் தளர்த்திப் பார்ப்பதில் நஷ்டமில்லை. எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். போர்டு நிமிர்ந்தது. காற்றாடியைத் தூக்கி, சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்து, புதுப் பசை தடவி வைத்தேன். இம்முறை முழுக்கையையும் போடாமல், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்துத் திருகினேன். நின்றதும் நிறுத்தினேன். நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கை இன்னும் ஒரு சுற்று கேட்டது. திருப்புளியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

"என்கிட்ட எதுக்கு?"

"நான் கேட்டாலும் குடுக்காத."

இரண்டு பட்டைகளையும் போட்டுச் சோதனையை ஓடவிட்டேன். முன்பு சிவப்பு வந்த இடம் வந்தது, போனது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவள் நான் வாங்கி வந்த மல்லிகையில் மிச்சமிருந்ததைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு சமைக்கப் போனாள், மறுபடி வந்து நின்றாள். மத்தியானம் சாப்பிடும் நேரத்தில் பச்சை எழுத்து வந்தது.

"சரியாயிருச்சா?" என்றாள்.

"இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துருவோம். ஒரு தடவய நம்பக்கூடாது."

இன்னொரு தடவையும் ஓடியது. அதுவும் பச்சை. நான் மறுபடியும் ஓட்டுவதற்குக் கையை நீட்டினேன். அவள் என் தோளைப் பிடித்து அசைத்தாள்.

"போதுங்க, எந்திரிங்க. எனக்கு வேல இருக்கு."

நான் எழுந்தேன். அவள் நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கி உட்கார்ந்து, அக்கா கொடுத்த ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினாள். முதலில் அந்தத் தாலி கட்டும் படத்தைத் திறந்தாள். முகம் முழுதாக இருந்தது. மாப்பிள்ளையின் கைகள் இருந்தன. பெண்ணின் நாத்தனார் கையில் விளக்கு இருந்ததையே நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். அவள் அந்தப் படத்தை இரண்டு பக்கமும் பரவுமாறு பெரிதாக்கினாள்.

ஆல்பம் வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா படம் இன்னும் பெரிதாக வேண்டுமாம், பெண்ணின் அம்மா அளவுக்காவது வேண்டுமாம். அதை மாற்றிக் கொடுத்துவிட்டால் அடுத்த வாரம் சுங்கை பூலோவில் ஒரு கல்யாணம் இருக்கிறதாம், அதையும் அனுப்புகிறாராம். மனைவி அதை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, சத்தத்தை வேறு கூட்டினாள்.

திங்கட்கிழமை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவள் ஃபோன் அடித்தது. சூப்பர்வைசர். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். வலது கை மாப்பிள்ளையின் அம்மாவை இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது.

"இல்லக்கா. வரல லா. நீங்க அந்த எடத்த வேற யாருக்காவது குடுத்துருங்க," என்றாள்.